இரண்டு விளக்கு, ஒரு ஃபேஸ்: எல்லைப்புற வீடுகளின் வயரிங்

வீட்டுக்கு வரும் மின்சாரம் இரண்டு கம்பி வழியாக வருகிறது. ஒன்று ஃபேஸ், மற்றது நியூட்ரல். இரண்டுக்கும் இடையே 230 வோல்ட். நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மர் அடியிலேயே பூமியோடு சேர்க்கப்பட்டிருப்பதால் அதற்கும் தரைக்கும் இடையே பெரிய வேறுபாடு இருப்பதில்லை. ஃபேஸுக்கும் தரைக்கும் இடையேதான் முழு 230 வோல்ட்டும் நிற்கிறது. விளக்கு எரிய இரண்டு கம்பியும் வேண்டும். அணைய ஏதேனும் ஒன்று அறுபட்டால் போதும். எந்த ஒன்று அறுபட வேண்டும் என்பதில்தான் வீட்டு வயரிங்கின் பாதுகாப்பு பெரிதும் இருக்கிறது. இரண்டாவது விளக்கு சேரும்போது மேலும் இரண்டு கேள்விகள் சேர்கின்றன: இரண்டு விளக்கும் ஒன்றுக்கொன்று எப்படிச் சேர வேண்டும், எத்தனை இடத்திலிருந்து அவற்றை இயக்க வேண்டும்.

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம். இடுக்கியில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு, குமுளி. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாக வாழும் இந்த இடங்களில் இரண்டாவது விளக்கு என்பது பல வீடுகளில் பிற்பாடு வந்த விளக்கு. கேரளத்தின் நீர்மின்சாரம் பிறந்த இடம் என்னவோ இடுக்கி மலைதான். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல், மூணாறுக்குப் பக்கத்தில் முதிரப்புழை ஆற்று நீரைக் கொண்டு 1940-இல் இயங்கத் தொடங்கியது. 780 மெகாவாட் இடுக்கித் திட்டம் 1976 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் மலையில் உற்பத்தியான மின்சாரம் மலையின் எல்லாக் குடியிருப்புக்கும் அப்போதே வந்துவிடவில்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள கிராமப்புற வீடுகளுக்காக 1988-89-இல் மத்திய அரசு கொண்டுவந்த குடீர் ஜோதித் திட்டம் ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு விளக்குக்கான இணைப்பைத்தான் தந்தது. பாலக்காடு 2010-இல் நாட்டின் முதல் முழு மின்மய மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. கேரள மாநிலம் முழுவதும் மின்மயமானதாக அறிவிக்கப்பட்ட நாள் 2017 மே 29.

ஒற்றை விளக்கு இணைப்பு பெற்ற வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்பது எவருக்கும் தெரிந்ததே. முன்அறை விளக்கின் ஹோல்டரிலிருந்தோ சீலிங் ரோஸிலிருந்தோ ஒரு வயரை இழுத்து, அடுக்களையில் இன்னொரு பல்பு தொங்கும். எஸ்டேட் லயங்களில் ஒரு சுவருக்கு இரு பக்கமும் அறை என்பதால் இது இன்னும் எளிது. சுவரில் ஒரு துளை போதும். இப்படிச் சேர்த்த விளக்கு எரியத்தான் செய்யும். ஆனால் முன்அறை விளக்கை அணைத்தால் அடுக்களையும் இருளும். வயர் எந்தக் கம்பியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் யாருக்கும் நினைவிருக்காது. எரிந்தால் போதும் என்று செய்த வேலை மறுமுறை ஒருவர் ஹோல்டரில் கை வைக்கும்போதுதான் தன் குணத்தைக் காட்டும்.

முதலில் விளக்குகள் சேரும் விதம். இரண்டையும் சங்கிலிக் கண்ணிபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் அது தொடர் இணைப்பு. எலக்ட்ரீஷியன் பேச்சில் சீரீஸ். இரண்டுக்கும் தனித்தனியே ஃபேஸும் நியூட்ரலும் கொடுத்தால் பக்க இணைப்பு, பேரலல். 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் மின்தடை சுமார் 880 ஓம். 100 வாட் பல்புக்குச் சுமார் 530 ஓம். இவ்விரண்டையும் சீரீஸில் இணைத்தால் இரண்டு வழியாகவும் ஒரே அளவு மின்னோட்டம்தான் போகும். மின்தடை அதிகமுள்ள 60 வாட் பல்பு ஏறக்குறைய 144 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, 100 வாட் பல்புக்கு 86 வோல்ட்தான் மிஞ்சும். சிறிய பல்பு 23 வாட் அளவிலும் பெரிய பல்பு 14 வாட் அளவிலும் எரியும். 100 வாட் பல்பு 60 வாட் பல்பைவிட மங்கலாக எரிவதைப் பார்த்துப் பலர் பல்பைத்தான் குறை சொல்வார்கள். இந்தக் கணக்கு மின்தடை மாறாது என்று வைத்துப் போட்டது. உண்மையில் சூடு குறைந்த இழையின் தடை குறையும் என்பதால் எண்கள் சற்று நகரும், வரிசை மாறாது. ஒரு பல்பு ஃபியூஸ் போனால் மற்றதும் அணைந்துவிடும் என்பது சீரீஸின் இரண்டாவது குறை.

கேரள மின்வாரியம் ‘ஃபிலமென்ட் இல்லாக் கேரளம்’ திட்டத்தில் குண்டு பல்பை ஒழித்து 9 வாட் எல்.இ.டி. பல்பை வீடுகளுக்கு வழங்கிய பிறகு சீரீஸ் வீட்டுக்கு அடியோடு பொருந்தாததாகிவிட்டது. எல்.இ.டி. பல்பின் உள்ளே ஒரு சிறு மின்னணுச் சுற்று இருக்கிறது. பாதி வோல்ட்டில் அது ஒழுங்காகப் பாதி வெளிச்சம் தராது. ஒன்று எரிந்து மற்றது இருண்டோ, இரண்டும் சிமிட்டிக்கொண்டோ நிற்கும். ஆனால் சீரீஸுக்கு ஒரு நல்ல வேலை இன்னும் உண்டு. ரிப்பேர்க் கடையில் இருக்கும் சீரீஸ் போர்டில், சோதிக்க வேண்டிய பொருளின் பாதையில் ஒரு 100 வாட் குண்டு பல்பு கோக்கப்பட்டிருக்கும். பொருளுக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். உள்ளே எங்கோ அறுபட்டிருந்தால் எரியவே எரியாது. குண்டு பல்பு அந்தப் போர்டில் மட்டும் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

ஆக வீட்டில் இரண்டு விளக்கும் பேரலல்தான். ஒரே சுவிட்சில் இரண்டையும் எரிய விட வேண்டுமானால், மெயினிலிருந்து வரும் ஃபேஸ் சுவிட்சின் ஒரு முனையில் சேரும். மறுமுனையிலிருந்து ஒரு கம்பி முதல் விளக்குக்குப் போய், அங்கிருந்து இரண்டாவது விளக்குக்குத் தாவும். நியூட்ரல் சுவிட்சுக்குள் வராது. நேரே முதல் விளக்குக்கு, அங்கிருந்து இரண்டாவதற்கு. இரண்டு விளக்குக்கும் இரண்டு சுவிட்ச் என்றால் போர்டுக்கு வரும் ஃபேஸ் இரண்டு சுவிட்சுக்கும் லூப் செய்யப்படும், ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் அதனதன் விளக்குக்குத் தனிக் கம்பி புறப்படும், நியூட்ரல் மட்டும் பொதுவாக இருக்கும். அடுக்களை விளக்குக்குத் தனிச் சுவிட்ச் வைக்க, பழைய போர்டில் காலியிடம் ஒன்றும் சில மீட்டர் வயரும் தவிர வேறு செலவில்லை. முன்அறை ஹோல்டரிலிருந்து திருடி இழுப்பதற்குக் காரணம் எதையும் சொல்ல முடியாது.

சுவிட்ச் எந்தக் கம்பியில் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். நியூட்ரலில் சுவிட்ச் வைத்தாலும் விளக்கு எரியும், அணையும். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. சுவிட்சை அணைத்துவிட்டு பல்பைக் கழற்றி, ஹோல்டரின் இரண்டு பித்தளை முனைகளிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தால் விஷயம் வெளிப்படும். சரியான வயரிங்கில் இரண்டு முனையிலும் டெஸ்டர் எரியாது. தவறான வயரிங்கில் ஒரு முனையில் நியான் சிவப்பாக எரியும். அறை இருட்டு, சுவிட்ச் அணைந்திருக்கிறது, ஆனால் ஹோல்டருக்குள் 230 வோல்ட் காத்திருக்கிறது. பீர்மேட்டிலும் மூணாற்றிலும் ஜூனில் தொடங்கும் மழை மாதக்கணக்கில் நிற்காது. சிமெண்ட் தரை ஈரம், சுவர் ஈரம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பல்பு மாற்றுபவரின் உடல் வழியாக மின்சாரம் தரைக்குப் போகத் தடை மிகக் குறைவு. பல்பு மாற்றும்போது மெயினை அணைக்க வேண்டும் என்ற பழக்கம் இந்த மலையில் வேறெந்த இடத்தையும்விட முக்கியம். ஆனால் வயரிங்கே சரியாக இருப்பது அதைவிட முக்கியம். பழக்கம் ஒருநாள் மறந்துபோகும்.

வயரின் நிறம் இங்கே உதவும். ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவற்றில் ஒன்று, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்பது இந்திய வழக்கம். கொழிஞ்சாம்பாறைக்காரர் பொள்ளாச்சியில் வயர் வாங்கினாலும், குமுளிக்காரர் கம்பத்தில் வாங்கினாலும் இது மாறாது. சிக்கல் வேறு இடத்தில் வரும்: இரண்டு விளக்குக்கு வேண்டிய வயர் கணக்கில் கறுப்புத் தீர்ந்துபோனால் மிச்சமிருக்கும் சிவப்பிலேயே நியூட்ரலை ஓட்டிவிடுவார்கள். அடுத்து வரும் எலக்ட்ரீஷியன் நிறத்தை நம்பி வேலை செய்வார்.

இனி, ஒரே விளக்கை, அல்லது இரண்டு விளக்கைச் சேர்த்து, இரண்டு இடத்திலிருந்து இயக்குவது. கல்பாத்தி போன்ற பாலக்காட்டு அக்கிரகாரங்களில் வீடு முன்வாசலிலிருந்து கொல்லை வரை நீண்டு ஒடுங்கியிருக்கும்; மச்சுக்கு ஏறும் மரப்படி வீட்டின் இருண்ட நடுப்பகுதியில் இருக்கும். படியின் கீழே ஒரு விளக்கு, மேலே ஒரு விளக்கு. கீழே போட்டு ஏறி மேலே அணைக்க வேண்டும். இதற்கு டூவே சுவிட்ச் வேண்டும். சாதாரணச் சுவிட்சின் பின்னால் இரண்டு திருகு இருக்கும். டூவே சுவிட்சில் மூன்று. பொதுமுனை பெரும்பாலும் நடுத்திருகு. சுவிட்சை எந்தப் பக்கம் சாய்த்தாலும் பொதுமுனை மற்ற இரண்டில் ஏதோ ஒன்றோடு சேர்ந்தே இருக்கும். எனவே இதற்கு ‘ஆன்’, ‘ஆஃப்’ என்று நிலை கிடையாது. இந்த வழி, அந்த வழி என்று இரண்டு வழிதான். கம்பெனிக்குக் கம்பெனி முனையின் இடம் மாறுவதால், பூட்டும் முன்பு எது பொதுமுனை என்று மீட்டரில் பார்த்துக்கொள்வது நல்லது. வேலை முடிந்த பிறகு ‘சில நேரம் எரிகிறது, சில நேரம் எரியவில்லை’ என்று வரும் புகார்களில் பெரும்பங்கு பொதுமுனையை மாற்றிப் பூட்டியதால் வருவதே.

ஃபேஸ் கீழ்ச்சுவிட்சின் பொதுமுனைக்கு வருகிறது. அதன் மற்ற இரண்டு முனையும் மேல்சுவிட்சின் மற்ற இரண்டு முனையோடு இரண்டு கம்பியால் இணைகின்றன. மேல்சுவிட்சின் பொதுமுனையிலிருந்து புறப்படும் கம்பி, பேரலலாக இருக்கும் இரண்டு விளக்குக்கும் போகிறது. நியூட்ரல் வழக்கம்போல நேரே விளக்குக்கு. இரண்டு சுவிட்சும் சேர்ந்து நான்கு நிலை. அவற்றில் இரண்டில் வெளிச்சம், இரண்டில் இருட்டு. எந்தச் சுவிட்சைத் தொட்டாலும் இருக்கும் நிலை மாறும்.

இந்த இணைப்பு மாடி இல்லாத வீட்டுக்கும் வேண்டும் என்பதை இடுக்கியின் சின்னக்கானல் பகுதி காட்டியது. 2023 ஏப்ரலில் பிடித்து அகற்றப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை அதற்கு முன் அங்கே வீடுகளையும் ரேஷன் கடையையும் இடித்துக்கொண்டிருந்தது. அது போன பிறகும் அந்த மலைச்சரிவுகளில் யானை நடமாட்டம் நிற்கவில்லை. இரவில் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து வெளியே போய்ப் போடும் சுவிட்ச் பயன்படாது. வாசல் விளக்கும் கொல்லை விளக்கும் ஒன்றாக, படுக்கைப் பக்கத்திலிருந்தும் முன்கதவுக்கு உள்பக்கத்திலிருந்தும் எரிய வேண்டும். படிக்குச் சொன்ன அதே இணைப்பு, விளக்குகள் இரண்டும் வெளியே என்பது மட்டும் வேறுபாடு. வெளியே இருக்கும் இரண்டுக்கும் மழை புகாத கூடு வேண்டும்; வயர் கூட்டுக்குள் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும், இல்லையென்றால் மழைநீர் வயர் வழியாகவே ஹோல்டருக்கு இறங்கும்.

டூவே சுவிட்சில் ஒரு தவறான சிக்கனம் பழக்கத்தில் இருக்கிறது. இரண்டு போர்டிலும் ஃபேஸும் நியூட்ரலும் ஏற்கெனவே இருந்தால், ஒவ்வொரு சுவிட்சின் பக்கமுனைகளில் ஒன்றில் ஃபேஸ், மற்றதில் நியூட்ரல் என்று பூட்டி, விளக்கை இரண்டு பொதுமுனைகளுக்கும் இடையே இணைத்துவிடுவார்கள். இரண்டு போர்டுக்கும் நடுவே கம்பி மிச்சம். விளக்கும் சொன்னபடி கேட்கும். ஆனால் அணைந்திருக்கும் இரண்டு நிலைகளில் ஒன்றில் விளக்கின் இரண்டு முனையும் ஃபேஸிலேயே இருக்கும். ஒரு சுவிட்சுக்குள், சில மில்லிமீட்டர் இடைவெளியில், முழு 230 வோல்ட்டும் எதிரெதிராக நிற்கும். ஈரமோ எறும்புக்கூடோ போதும், பொறி பறக்க. இப்படிச் செய்த வயரிங்கைக் கண்டால் திருத்துவதைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொரு தவறு கண்ணுக்கே தெரியாது. படி விளக்குக்கு ஃபேஸைக் கீழ்த்தளச் சர்க்யூட்டிலிருந்தும், நியூட்ரலை அருகே இருக்கிறது என்று மேல்தளச் சர்க்யூட்டிலிருந்தும் எடுப்பது. வசதிதான். ஆனால் மேல்தளத்தின் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு ஒருவர் அங்குள்ள நியூட்ரல் ஜாயிண்டைப் பிரித்தால், கீழ்த்தள ஃபேஸ் விளக்கின் வழியாக வந்து அந்தப் பிரிந்த முனையில் நிற்கும். தளத்துக்கு ஒரு ஆர்.சி.சி.பி. வைத்த வீடுகளில் இந்தத் தவறு உடனே பிடிபடும். ஆர்.சி.சி.பி. செய்வது ஒன்றே ஒன்று: போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று பார்ப்பது. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் வேறுபட்டால் அறுத்துவிடும். இரண்டு 9 வாட் எல்.இ.டி. சேர்ந்து 18 வாட். 230 வோல்ட்டில் குறைந்தது 78 மில்லி ஆம்பியர். கீழ்த்தளத்தில் போனது மேல்தளத்தில் திரும்புவதால் படி விளக்கைப் போட்டதும் இணைப்பு அறுபடும். ஆர்.சி.சி.பி. கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்பது, காவல்காரன் கூச்சலிட்டதற்காக அவனை அனுப்பிவிடுவதற்குச் சமம். கூச்சலுக்குக் காரணம் நியூட்ரலில் இருக்கிறது.

இரண்டு விளக்கைக் கொண்டு இன்னொரு ஏற்பாடும் உண்டு, ஐ.டி.ஐ. மாணவர்கள் அதைக் கோடவுன் வயரிங் என்று படிக்கிறார்கள். வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களைப்போல, ஆள் உள்ளே போகப் போக முன்னால் உள்ள விளக்கு எரிந்து பின்னால் உள்ளது அணைய வேண்டிய கட்டடங்களுக்கு அது உகந்தது. ஃபேஸ் வாசலில் உள்ள சாதாரணச் சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து உள்ளே இருக்கும் டூவே சுவிட்சின் பொதுமுனைக்குப் போகிறது. அதன் ஒரு பக்கமுனை முதல் விளக்குக்கு, மறுபக்கமுனை இரண்டாவது விளக்குக்கு. வாசல் சுவிட்சைப் போட்டால் முதல் விளக்கு. நடுவே வந்து டூவேயைத் திருப்பினால் முதல் விளக்கு அணைந்து இரண்டாவது எரியும். திரும்பி வரும்போது டூவேயைப் பழைய நிலைக்கு மாற்றி, வாசலில் அணைத்துவிட்டு வெளியேறலாம். எங்கும் விளக்கு வீணாக எரியாது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு விளக்குதான் எரியும் என்பதால், உள்ளே ஒருவரும் வாசலருகே ஒருவரும் வேலை செய்தால் ஒருவர் இருட்டில் நிற்பார். குண்டு பல்பு காலத்துச் சிக்கனத்துக்காகப் பிறந்த இணைப்பு இது. 9 வாட் விளக்கைச் சேமிப்பதற்காக இரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் இதை வைப்பது இன்று சரியல்ல.

எல்.இ.டி. வந்த பிறகு எழுந்த ஒரு புதுக் கேள்வி: சுவிட்சை அணைத்த பின்னும் விளக்கு மின்மினிபோல மங்கலாக எரிவது. இதற்குப் பல காரணம். சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால் வரும். இதுவே முதலில் சோதிக்க வேண்டியது. சுவிட்சில் சிறிய இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும் மின்னோட்டமே எல்.இ.டி.யை லேசாக ஒளிர வைக்கும். டூவே இணைப்பில் நீண்ட தூரம் ஒரே பைப்பில் ஓடும் கம்பிகளில் ஒன்று உயிரோடும் மற்றது சும்மாவும் இருக்கும்போது, இரண்டும் ஒரு கபாசிட்டர்போல நடந்துகொண்டு சிறிதளவு மின்னோட்டத்தைக் கடத்தும். குண்டு பல்பில் இது தெரிந்திருக்காது, எல்.இ.டி.க்கு அந்தச் சிறுதுளியும் போதும். முதல் காரணம் ஆபத்து, மற்ற இரண்டும் தொந்தரவு மட்டுமே.

இடியைப் பொறுத்தவரை சுவிட்சை அதிகம் நம்பக் கூடாது. கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி கடுமையாக இருக்கும். சுவர்ச் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும்தான் அறுக்கிறது. நியூட்ரல் விளக்கோடு சேர்ந்தே இருக்கும். லைனில் பாயும் அதிர்ச்சி அந்த வழியாகவும் எல்.இ.டி.யின் உள்சுற்றைத் தாக்கலாம். இரண்டு கம்பியையும் ஒருசேர அறுப்பது மெயினில் உள்ள இரட்டைமுனைச் சுவிட்ச்தான். இடிக்கு முன்பே அதை அணைக்க வேண்டும், இடி தொடங்கிய பிறகு போர்டைத் தொடக் கூடாது.

அளவுகளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இரண்டு எல்.இ.டி.க்கு 6 ஆம்பியர் சுவிட்சும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் தாராளம். விளக்கு, ஃபேன் சர்க்யூட் ஒன்றில் 10 பாயிண்டுக்கு மேல் அல்லது 800 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. வேலையைச் செய்ய வேண்டியவர் உரிமம் பெற்றவர். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் உரிமம் வழங்கும் வாரியங்கள் தனித்தனி. எல்லை தாண்டி வரும் கைதேர்ந்த வயர்மேனிடம் கேரளத்தின் பெர்மிட் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

முடிந்த வேலையைச் சோதிக்கும் வரிசை இது. மெயின் அணைந்த நிலையில், விளக்குகளைக் கழற்றிவிட்டு, எல்லாச் சுவிட்சையும் போட்டு, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையேயும், இரண்டுக்கும் எர்த்துக்கும் இடையேயும் 500 வோல்ட் மெக்கரால் காப்புத்தடை பார்க்க வேண்டும். 50-ஐப் பாயிண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் மெகாஓம் அளவு இருக்க வேண்டும் என்பது பழைய விதி. முழு வீட்டுக்கும் ஒரு மெகாஓமுக்கு மேல் கட்டாயமில்லை என்று அந்த விதியே சொல்கிறது. டூவே சுவிட்ச் உள்ள சர்க்யூட்டில் ஒரு நிலையில் சோதித்தால் ஒரு இணைப்புக் கம்பி சோதனைக்கு வெளியே நின்றுவிடும். ஆகவே சுவிட்சுகளைத் திருப்பி மறுபடியும் பார்க்க வேண்டும். பிறகு மெயினைப் போட்டு, விளக்குகள் அணைந்திருக்க வேண்டிய ஒவ்வொரு சுவிட்ச் நிலையிலும் இரண்டு ஹோல்டரின் நான்கு முனையிலும் டெஸ்டர் வைக்க வேண்டும். எதிலும் நியான் எரியாவிட்டால் ஃபேஸ் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. அதன் பிறகு பல்பைப் பூட்டலாம்.